கோயமுத்தூர் பக்கம் சைக்கிள்ல ஏற செங்குத்தான ரோடு தேடறவங்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோடு பைக் வாங்கி கொஞ்ச நாள் அவிநாசி ரோடு, பாலக்காடு ரோடுன்னு சமதளத்துல ஓட்டினவங்க அடுத்து கேக்கறது ஒண்ணேதான், எங்கண்ணா ஏறி பழகறது. கேள்வி வந்துட்டே இருக்கறதால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கறேன். கோயமுத்தூர மையமா வச்சுதான் எழுதறேன், மத்த ஊர்க்காரங்களுக்கும் நடுவுல கொஞ்சம் இருக்கு.

ஊட்டி மலை பக்கத்துலயே இருக்கு, அதுல ஏறினா போதாதா? தனியா என்னத்த தேடறது?

ஏறலாம், கண்டிப்பா ஏறணும். ஆனா நீளமான ஏத்தம் வேற, செங்குத்தான ஏத்தம் வேற, இத முதல்ல பிரிச்சு பாருங்க. பஸ்சும் லாரியும் போற காட் ரோடு (மலைப்பாதை) எல்லாமே ஒரு அளவுக்கு மேல செங்குத்தா இருக்காது, ஏன்னா அத போடும்போதே வண்டி இழுக்கற அளவுக்குத்தான் போடறாங்க. ரோடு போடறதுக்கு விதி வகுக்கற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் மலை ரோட்டுக்கு வச்சிருக்கற கணக்கு, 3,000 மீட்டர் உயரத்துக்குள்ள இருக்கற செங்குத்தான மலைல சாதாரணமா 6 சதவீதம் (100 மீட்டர் போறதுக்குள்ள 6 மீட்டர் ஏத்தம்), இடம் இல்லன்னா 7, வேற வழியே இல்லாத துண்டுல 8. அதனாலதான் கோத்தகிரி ரோடு, குன்னூர் ரோடு எதுல போனாலும் சராசரி அஞ்சு அஞ்சரையிலயே நிக்குது. ரெண்டு மணி நேரம் ஒரே சீரா மிதிக்க அத மாதிரி ரோடு கிடையாது, ஆனா 10, 12 சதவீதத்துல கால் நிக்குமான்னு பழகணும்னா அங்க கிடைக்காது.

செங்குத்து வேணும்னா பஸ்ஸுக்காக போடாத ரோட்ட தேடணும். மலைக்கோயிலுக்கு போற ரோடு, தேயிலை எஸ்டேட்டுக்குள்ள போற ரோடு, டவர் இருக்கற குன்றுக்கு போற ரோடு, அணைக்கட்டு மேல ஏறுற சின்ன ரோடு, இந்த நாலுலதான் நிஜமான மேடு ஒளிஞ்சிருக்கு. நான் சொல்ல வந்ததுல பாதி இதுதான்.

எத்தன பர்சென்ட் இருந்தா செங்குத்துன்னு சொல்லலாம்?

100 மீட்டர் முன்னால போறதுக்குள்ள 8 மீட்டர் மேல ஏறினா 8 பர்சென்ட், அவ்ளோதான் கணக்கு. உடம்புக்கு எப்படி இருக்கும்னு தெரியணும்னா, நீங்களும் சைக்கிளும் தண்ணி பாட்டிலும் சேர்ந்து 80 கிலோன்னு வச்சுக்கோங்க, 190 வாட்ஸ் மாதிரி (கால் குடுக்கற சக்தியோட அளவு) மிதிக்கறீங்க. 4 பர்சென்ட்ல மணிக்கு 17 கிலோமீட்டர் வரும், 8ல 10க்கு இறங்கிடும், 12ல வெறும் 7. அதே உழைப்புதான், ஆனா 7 கிலோமீட்டர் வேகத்துல சைக்கிள் நேரா நிக்கறதே ஒரு வேலை, மூஞ்சில காத்தும் அடிக்காது, உடம்பு சூடு ஏறிட்டே போகும். என்னை கேட்டா 8க்கு மேல ஒரு கிலோமீட்டர் தொடர்ந்து இருந்தா செங்குத்து. 12க்கு மேல இருந்தா முதல் தடவ போறவங்க எறங்கி தள்ளறதுல எந்த தப்பும் இல்ல.

மேப்ப வச்சு எப்படி கண்டுபிடிக்கறது?

உயரக்கோடு, அதாவது ஒரே உயரத்துல இருக்கற இடங்கள சேர்த்து போட்ட கோடு, இருக்கற மேப்ப திறங்க, சும்மா கலர் மேப் இதுக்கு ஆகாது. சர்வே ஆஃப் இந்தியாவோட 1:50,000 டோப்போ ஷீட்ல ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம், ஃபோன்ல வர்ற டோப்போ மேப்லயும் ஜூம் பண்ணா அந்த இடைவெளிய எழுதி இருப்பாங்க. இப்போ ஒரு ரோட்ட பாருங்க, அது கோட்டோட சேர்ந்து பக்கத்துலயே போகுதுன்னா அது மலைய சுத்திட்டு போற சமமான ரோடு. கோட்ட வெட்டிட்டு நேரா போகுதுன்னா அதுதான் உங்களுக்கு வேணுங்கற ரோடு. ஒரு கிலோமீட்டருக்குள்ள அஞ்சு கோட்ட வெட்டினா 100 மீட்டர் ஏத்தம், அதாவது 10 பர்சென்ட். ஒரு வெள்ளக்கிழம சாயங்காலம் உக்காந்து உங்க ஊர சுத்தி 50 கிலோமீட்டருக்கு இப்படி பாத்தீங்கன்னா, தினமும் தாண்டி போற இடத்துலயே ரெண்டு மூணு சிக்கும்.

சாட்டிலைட் படத்துல பாக்கறதுன்னா குன்று உச்சில கோபுரமோ டவரோ இருக்கா, அதுக்கு வண்டி போற பாதை தெரியுதான்னு பாருங்க. அப்புறம் அடிவாரத்து டீக்கடைல ஒரு வார்த்த கேட்டுருங்க, மேல மினி பஸ் போகுதா இல்ல ஜீப்பு மட்டுமான்னு. மினி பஸ் போகுதுன்னா ஏறிடலாம். ஜீப்பு மட்டும்னு சொன்னா கியர் நல்லா இருந்தா மட்டும் போங்க. இந்த ஒரு கேள்வில தெரியற அளவுக்கு எந்த ஆப்லயும் தெரியாது. கூடவே அது ரிசர்வ் ஃபாரஸ்ட்டா, எஸ்டேட் தனியார் ரோடான்னும் கேட்டுக்கோங்க, ரெண்டுலயும் அனுமதி இல்லாம உள்ள போகக்கூடாது.

ஆப்ல மேக்ஸிமம் 24%னு காட்டுது, அது நிஜமா?

பெரும்பாலும் இல்லீங்க. பல ஆப் உயரத்த எடுக்கறது விண்வெளில இருந்து ரேடார் வச்சு அளந்த டேட்டால இருந்து, அதுல சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான் இருக்கும். மலைய வெட்டி போட்ட ரோடு ஏழு எட்டு மீட்டர் அகலம், ஒரு பக்கம் பாறை சுவர், இன்னொரு பக்கம் பள்ளம். புள்ளி கொஞ்சம் அந்தப்பக்கம் விழுந்தா பள்ளத்தோட உயரத்த எடுத்துக்கும், இந்தப்பக்கம் விழுந்தா பாறை மேல இருக்கற உயரம், ரெண்டுக்கும் நடுவுல இல்லாத ஒரு மேட்ட அதுவா உருவாக்கிடும். ஹேர்பின் வளைவுகிட்ட இது ரொம்ப மோசம், ரெண்டு ரோடும் ஒண்ணுக்கு மேல ஒண்ணா இருக்கறதால குழம்பிடும். அதனால மேக்ஸிமம் நம்பர விட்டுட்டு அடிவாரத்து உயரம், உச்சி உயரம், தூரம் இந்த மூண வச்சு சராசரிய நீங்களே போடுங்க, அப்புறம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனியா பாருங்க. பாரோமீட்டர் இருக்கற சைக்கிள் கம்ப்யூட்டர் காத்தழுத்தத்த வச்சு உயரம் சொல்றதால மலைல இதவிட நல்லா காட்டும், மழை வர்ற நேரத்துல மட்டும் கொஞ்சம் நகரும்.

காலைல ஆபீஸ் போறதுக்கு முன்னால ஏற மாதிரி பக்கத்துல என்ன இருக்கு?

மருதமலைதான், வேற பேச்சே இல்ல. வடவள்ளி தாண்டி போனா அடிவாரம், அங்க இருந்து கோயிலுக்கு போற மலைப்பாதை ரெண்டு கிலோமீட்டர் சொச்சம், தார் நல்லா இருக்கும், வளைவு வளைவா ஏறும், நடு நடுவுல நல்லா இழுக்கற துண்டும் இருக்கு. சின்ன ஏத்தம்தான், அதுதான் அதோட பலம், ஏறி இறங்கி மறுபடி ஏறலாம். ஆனா அது முருகன் கோயில் ரோடு, நம்ம டிராக் இல்ல. படியில போறது போக ரோட்டுல நடந்து வர்ற பக்தர்களும் இருப்பாங்க, வயசானவங்க, குழந்தைங்க, அதனால எறங்கும்போது வேகம் காட்டக்கூடாது. கிருத்திகை, தைப்பூசம், சஷ்டி மாதிரி விசேஷ நாள்ல போகவே போகாதீங்க, சொந்த வண்டிய மேல விடமாட்டாங்க, கூட்டமும் தாங்காது. அடிவாரத்து கேட் திறக்கற நேரத்துக்கு முன்னால போய் நின்னுட்டு தகராறு பண்றதும் வேண்டாம்.

பெரியநாயக்கன்பாளையம் பக்கம் பாலமலை இருக்கு, ரங்கநாதர் கோயிலுக்கு போற ரோடு. மருதமலைய விட நீளம், காட்டுக்குள்ள போறது, ரோடும் குறுகல். இது கொஞ்சம் பழகினவங்களுக்கு. ஆனைகட்டி ரோட்டுல மாங்கரை தாண்டினதும் வர்ற ஏத்தம் அவ்ளோ செங்குத்து இல்ல, ஆனா ஏறி இறங்கி ஏறி இறங்கின்னு போறதால புதுசா மலைக்கு வர்றவங்க அங்க ஆரம்பிக்கறது நல்லது.

ஞாயித்துக்கிழம பெரிய ஏத்தம்னா கோத்தகிரியா, குன்னூரா, வால்பாறையா?

முதல் தடவ பெரிய மலைன்னா கோத்தகிரிக்கு போங்க, இதுல எனக்கு சந்தேகமே கிடையாது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து 325 மீட்டர் கிட்ட, கோத்தகிரி சுமார் 1,800, தூரம் 33 கிலோமீட்டர். ஆரம்பத்துல கொஞ்ச தூரம் சமமா போய்ட்டு அப்புறம் ஏற ஆரம்பிச்சா விடாம ஏத்தம்தான். குன்னூர் ரோட்ட விட வண்டி கம்மி, நிழல் இருக்கு, குஞ்சப்பனை தாண்டினதும் காத்து மாறுறது தெரியும், அரவேணு வந்தா தேயிலைத் தோட்டம் ரெண்டு பக்கமும் வந்துரும். சுமாரா மிதிக்கறவங்களுக்கு ரெண்டரை மூணு மணி நேரம் ஆகும், அத பத்தி கவலைப்படாதீங்க.

குன்னூர் ரோடு 14 கொண்டை ஊசி வளைவு, கல்லாறு தாண்டினதும் ஆரம்பிக்கும், பர்லியார்ல நிறுத்தி சீசன் இருந்தா மங்குஸ்தான் வாங்கி தின்னுட்டு போகலாம். பக்கத்துலயே போற மலை ரயில் 12 அடிக்கு 1 அடின்னு, அதாவது 8 பர்சென்ட்டுக்கு மேல பல்சக்கரத்த கடிச்சுட்டு ஏறுது, ரோடு வளைஞ்சு வளைஞ்சு போறதால நமக்கு அதவிட லேசு. ஆனா அது ஊட்டிக்கு போற மெயின் ரோடு, லீவு நாள்ல கார் வரிசையா நிக்கும், புகை. போறதா இருந்தா வார நாள் காலைல. ஏப்ரல் மே சீசன்ல ஒருவழி போட்டு, ஏறுற வண்டிய குன்னூர் வழியாவும் எறங்கற வண்டிய கோத்தகிரி வழியாவும் விடுவாங்க. அந்த நேரத்துல கோத்தகிரி ரோட்டுல மேல இருந்து கூட்டமா வண்டி எறங்கும், நாம எதிர்ல ஏறிட்டு இருக்கக்கூடாது.

வால்பாறை தனி அழகு. ஆழியார்ல இருந்து 40 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் நம்பர் போர்டு இருக்கறதால எவ்ளோ மிச்சம்னு மனசு எண்ணிட்டே வரும். ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூ பாயின்ட், அங்க நின்னு கீழ பாத்தா ஆழியார் அணை முழுசா தெரியும், அதிர்ஷ்டம் இருந்தா ரோட்டு சுவத்து மேலயே வரையாடு நிக்கும். கிட்ட போகாதீங்க, தின்ன எதுவும் குடுக்காதீங்க. ஆனைமலை புலிகள் காப்பகம்ங்கறதால செக்போஸ்ட்ல நேரக்கட்டுப்பாடு உண்டு, சாயங்காலம் அங்க மாட்டிக்கற மாதிரி பிளான் போடாதீங்க.

36 வளைவு இருக்கற கல்லட்டி ரோட்டுல ஏறலாமா?

மசினகுடில இருந்து ஊட்டிக்கு போற கல்லட்டி நம்ம பக்கத்துல இருக்கறதுலயே பேர் போன செங்குத்து, பழைய ரோடு, கார்லயே செகண்ட் கியர்லதான் போகணும். ஆனா பிரேக் புடிக்காம நிறைய விபத்து நடந்ததால வெளியூர் வண்டி எறங்க தடை இருக்கு, கீழ புலிகள் காப்பகம், யானை நடமாட்டம் வேற. டிரெய்னிங்குக்கு இது தேவையில்ல. அதே நீலகிரில செங்குத்து வேணும்னா கோத்தகிரி ஊட்டி ரோட்டுல இருந்து தொட்டபெட்டா உச்சிக்கு பிரியற ரோடு இருக்கு, 3 கிலோமீட்டர் கிட்ட, உச்சி 2,637 மீட்டர். அந்த உயரத்துல மூச்சு கொஞ்சம் சீக்கிரமே வாங்கும், அதனால முதல் அரை கிலோமீட்டர அடக்கி மிதிங்க. டூரிஸ்ட் வர்றதுக்கு முன்னால போறதுதான் நல்லது, கேட் திறக்கற நேரத்த முன்னாடியே விசாரிச்சுக்கோங்க.

நான் கோயமுத்தூர் இல்ல, எங்க ஊர்ல என்ன பண்றது?

சேலம்காரங்க குடுத்து வச்சவங்க, ஊருக்குள்ள இருந்தே ஏற்காடு, 20 கொண்டை ஊசி வளைவு, 280 மீட்டர்ல இருந்து 1,500க்கு போயிரலாம். நாமக்கல் பக்கம் கொல்லிமலை 70 வளைவு, வளைவுக்கு வளைவு தூரம் ரொம்ப கம்மி, அதனால ஒரே தாளத்துல மிதிக்க முடியாது, அதுவே ஒரு பயிற்சி. திருச்செங்கோடு, சென்னிமலை, சிவன்மலை மூணுலயும் கோயிலுக்கு ரோடு இருக்கு, ஈரோடு திருப்பூர்காரங்களுக்கு அது போதும். சென்னைல மலை இல்லன்னு சொல்லுவாங்க, பரங்கிமலை இருக்கே, 300 அடி உயரம்தான், ரோடு இருக்கு, பத்து தடவ ஏறுங்க. கொஞ்சம் தள்ளி திருத்தணி, இன்னும் தள்ளி போனா 14 வளைவு ஏலகிரி.

ரெண்டு கிலோமீட்டர் மேடுதான் இருக்கு, அத வச்சு பெரிய மலைக்கு தயாராக முடியுமா?

முடியும். ஒரு மேட்டுல எட்டு நிமிஷம் மாதிரி ஏறி, மெதுவா எறங்கி, மறுபடி ஏறி, நாலு தடவ. முக்கியமானது எல்லா தடவயும் ஒரே நேரத்துல முடிக்கறது. முதல் தடவ ஏழு நிமிஷம், கடைசி தடவ பத்து நிமிஷம் ஆச்சுன்னா ஆரம்பத்துல அதிகமா போயிட்டீங்கன்னு அர்த்தம். ஏறும்போது ரெண்டு மூணு வார்த்த பேச முடியணும், முழு வாக்கியம் பேச முடிஞ்சா இன்னும் மிதிக்கலாம். வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல வேண்டாம், முட்டி தாங்காது. மிச்ச நாள்ல சமதளத்துல எதிர்காத்துல போனாலே நீளமா மிதிக்கற பழக்கம் வந்துரும்.

கியர் என்ன வேணும்?

இதுல தயவுசெஞ்சு கவுரவம் பாக்காதீங்க. முன்னால பெடல்கிட்ட இருக்கற சின்ன பல்சக்கரம் (செயின்ரிங்) 34 பல், பின்சக்கரத்துல இருக்கறதுல பெருசு 28 பல்லுன்னு வச்சுக்கோங்க, 25 மில்லிமீட்டர் டயர்ல பெடல் ஒரு சுத்து சுத்தினா வண்டி 2.55 மீட்டர் போகும். மேல சொன்ன 12 பர்சென்ட் மேட்டுல 7 கிலோமீட்டர் வேகம்னா நிமிஷத்துக்கு 46 சுத்துதான் வரும், அது மிதிக்கறது இல்ல, முட்டிய நசுக்கறது. பின்னால 34 பல் இருந்தா அதே வேகத்துக்கு 55 வரும், பெரிய வித்தியாசம். கேசட் (பின்னால இருக்கற பல்சக்கர அடுக்கு) மாத்தறதுக்கு முன்னால உங்க டிரெய்லியர், அதாவது செயின ஒரு பல்சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தி விடற பாகம், அவ்ளோ பெரிய பல்சக்கரத்த தாங்குமான்னு மெக்கானிக்கிட்ட கேளுங்க, சிலதுக்கு லாங் கேஜ்ங்கற நீளமான மாடல் வேணும், செயினும் நீளமா மாத்தணும்.

உக்காந்து ஏறணுமா, நின்னுட்டா?

உக்காந்துதான். நிக்கறது வளைவுல, இல்ல முதுகு இறுகினா இருபது முப்பது செகண்ட்.

கொண்டை ஊசி வளைவுல எந்தப் பக்கம் போறது?

வளைவோட உள் ஓரம்தான் ரொம்ப செங்குத்து, வெளிப்பக்கம் கிட்டத்தட்ட சமம். விதிப்படி வளைவுக்குள்ள ரோடு 40க்கு 1, அதாவது இரண்டரை பர்சென்ட்டுக்கு மேல ஏறக்கூடாது, அதனால நல்லா போட்ட ரோட்டுல வளைவுதான் நமக்கு மூச்சு விடற இடம், தண்ணி குடிக்கறதும் அங்கதான். நாம இடது பக்கம் போறதால இடது வளைவுல செங்குத்தான உள் ஓரம் நமக்கு வரும், பின்னால முன்னால வண்டி இல்லன்னு தெரிஞ்சா மட்டும் கொஞ்சம் அகலமா எடுங்க.

பஸ் வந்தா கதையே வேற. மேல இருந்து எறங்கற பஸ் வளைவுல திரும்பறத ஒரு தடவ நின்னு பாருங்க, ஹார்ன் அடிச்சுட்டே வரும், முன் சக்கரம் நம்ம பக்கத்து வெள்ளக்கோட்டையும் தாண்டி ஓரத்து மண்ணு வரைக்கும் வரும், அப்புறம்தான் பின்பக்கம் மெல்ல சுத்தி வரும். அந்த நேரத்துல நாம வளைவுக்குள்ள இருக்கக்கூடாது, ஹார்ன் கேட்டா வளைவுக்கு முன்னாலயே ஓரமா கால ஊனி நின்னுருங்க. ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும்னு சட்டம் இருக்கு, ஆனா சைக்கிளுக்கு அத யாரும் ஞாபகம் வச்சுக்க மாட்டாங்க.

யானை வருமா?

வரும். கல்லாறு, குஞ்சப்பனை, மாங்கரை, ஆனைகட்டி எல்லாமே அது நடக்கற பாதை, அதுவும் பலாப்பழ சீசன்ல குஞ்சப்பனை பக்கம் ரோட்டுலயே நிக்கும். மோட்டார் பைக்னா சத்தம் கேட்டு அது முன்னாடியே ஒதுங்கும், சைக்கிளுக்கு சத்தமே இல்லாததால வளைவு திரும்பினா நேருக்கு நேர் நிக்கற மாதிரி ஆயிடும். அதனால இருட்டுல காட்டுப் பாதைல ஏறாதீங்க, நல்லா விடிஞ்சு முதல் பஸ் போன பின்னால போங்க, காதுல ஹெட்போன் வேண்டவே வேண்டாம். புதுசா போட்ட சாணி, உடைஞ்ச கிளை பாத்தா நில்லுங்க, ஒரு கார் இல்ல பஸ் வரட்டும், அதோட சேர்ந்து தாண்டுங்க. எதிர்ல நின்னா போட்டோ எடுக்காம திரும்பி வந்துருங்க, மலை அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும்.

எறங்கறதுதான் பயமா இருக்கு.

பயம் இருக்கறது நல்லதுதான். வீட்லயே பிரேக் பேட் எவ்ளோ இருக்குன்னு பாருங்க, கேபிள் பிரிஞ்சிருக்கான்னு பாருங்க. எறங்கும்போது பிரேக்க விடாம புடிச்சுட்டே வந்தா ரிம் பிரேக்ல ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கும், கார்பன் ரிம்னா இன்னும் மோசம். நேர் ரோட்டுல நல்லா அழுத்தி வேகத்த குறைச்சுட்டு விடுங்க, மறுபடி அழுத்துங்க, வளைவுக்குள்ள நுழையறதுக்கு முன்னாலயே பிரேக் வேலை முடிஞ்சிருக்கணும். கை வலிச்சா வியூ பாயின்ட்ல நிறுத்துங்க. 1,000 மீட்டர் உயரத்துக்கு ஆறு ஆறரை டிகிரி குளிரும், ஏறும்போது நனைஞ்ச ஜெர்சியோட அப்படியே எறங்கினா விரல் மரத்து பிரேக்கே புடிக்க முடியாது, அதனால மடிச்சு பின் பாக்கெட்ல வைக்கற மாதிரி ஒரு காத்துத்தடுப்பு ஜாக்கெட் கட்டாயம்.

எந்த மாசம் போகலாம், தண்ணி சாப்பாடு எப்படி?

டிசம்பர் கடைசில இருந்து மார்ச் வரைக்கும் அருமை. ஜூன்ல இருந்து வால்பாறை பக்கம் மழை கொட்டும், ரோடு பாசி புடிச்சு வழுக்கும். அக்டோபர் நவம்பர்ல குன்னூர், கோத்தகிரி ரோட்டுல மண் சரிவு வரும், கிளம்பறதுக்கு முன்னால செய்தி பாத்துட்டு போங்க. மேட்டுப்பாளையம் வரைக்கும் கார்ல கொண்டு போறவங்களுக்கு ஒண்ணுமில்ல, ஆனா கார்லயே நீலகிரிக்குள்ள போய் அங்க ஓட்டறதா இருந்தா கார்க்கு இ-பாஸ் எடுக்கணும், 2024 மே மாசத்துல இருந்து ஐகோர்ட் உத்தரவு.

நீலகிரில பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் தடை, கடைல வாங்கிக்கலாம்னு வெறும் பாட்டிலோட ஏறாதீங்க. ரெண்டு பாட்டிலையும் அடிவாரத்துல நிரப்பிக்கோங்க, ஒண்ணுல உப்பு சக்கர கரைச்சது, மேல ஊருக்குள்ள வாட்டர் ஏடிஎம் இருக்கு, டீக்கடைல கேட்டாலும் குடுப்பாங்க. அரை மணி நேரத்துக்கு ஒரு தடவ பசிக்கலன்னாலும் கடலை மிட்டாயோ வாழைப்பழமோ உள்ள போகணும். காலைல வெறும் வயித்துல ஏறுறவங்க இருபதாவது கிலோமீட்டர்ல கண்ணு இருட்டி உக்காந்துருவாங்க, மேட்டுப்பாளையத்துல ரெண்டு இட்லியாவது தின்னுட்டு, அரை மணி நேரம் கழிச்சு கிளம்புங்க.